முன்னேஸ்வரமும் முழுமுதற் பொருளும்

இலங்கையின் மேற்குக் கரையில், சிலாபம் பட்டினத்தினின்று குருநாகல் நோக்கிச் செல்லும் வழியில், ஏறத்தாழ இரண்டு கல் தொலைவில் முன்னேஸ்வரம் உள்ளது. ஆவணித் திருவிழா நாட்களில் அங்கு கூடும் மக்களைக் கூர்ந்து நோக்குபவர்க்கு ஒரு வினா எழாமற் போகாது. கருவறையில் இருப்பது சிவலிங்கம். பூசை செய்வோர் தமிழ்ச் சிவாசாரியர். ஆனால் வழிபட வருவோரில் பெரும்பாலோர் சிங்கள பௌத்தர். உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டென்பதைத் தம் சமய நூல்களே மறுக்கின்ற மக்கள், அக்கடவுளின் முன்னிலையில் தேங்காயும் பழமும் ஏந்திக் காத்து நிற்கின்றனர். அவர்கள் நடுவே கத்தோலிக்க மீனவப் பெண்களையும், சில வேளைகளில் முஸ்லிம்களையும் காணலாம். முழுமுதற் கடவுள் ஒருவரா, பலரா, ஒருவருமில்லையா என்று மூவாயிரம் ஆண்டுகளாக அறிஞர் வாதிட்டு வந்திருக்கின்றனர். அவ்வாதத்தின் கட்சிக்காரர் அனைவருமே இங்கு ஒரே வரிசையில் நிற்கின்றனர்!

இதனைக் காணும் சிலர் உடனே 'சமய ஒற்றுமை' என்ற சொல்லைக் கையிலெடுத்து விடுவர். எல்லா நதிகளும் கடலையே அடைகின்றன என்ற பழைய உவமையும் கூடவே வந்துவிடும். அவ்வளவு எளிதில் முடிந்துவிடும் செய்தியன்று இது. நதிகள் கடலைச் சேர்வது உண்மையானால், இதே கோயில் இருமுறை தரைமட்டமாக்கப்பட்டதேன்? இதே சிலாபத்தில் 2019இல் மனிதர் மனிதரைக் கல்லால் எறிந்ததேன்? முழுமுதற் பொருள் பற்றிய கருத்துக்கள் எங்கு வளர்ந்தன, யாருடைய தேவைக்காக வளர்ந்தன, எப்போது ஒன்றோடொன்று இணங்கின, எப்போது மோதின என்பவற்றை மண்ணில் கால் பதித்து ஆராய வேண்டும். அதற்கு முன்னேஸ்வரத்தைப் போல் வாய்ப்பான இடம் பிறிதொன்று இருப்பது அரிது.

முதலில் ஊரைப் பற்றிச் சிறிது. முன்னேஸ்வர வளாகத்தில் கோயில்கள் ஐந்து. நடுநாயகமாக இருப்பது முன்னைநாதர் என்னும் சிவனுக்கும் வடிவாம்பிகைக்கும் உரியது. பிள்ளையாருக்கும் காளிக்கும் ஐயனாருக்கும் தனித்தனிக் கோயில்கள் உள. ஐந்தாவது ஒரு பௌத்த விகாரை. சுற்றியுள்ள நிலப்பகுதி பழைய ஆவணங்களில் தெமள பத்துவ, அதாவது தமிழர் பற்று என்று குறிக்கப்படுவது. அண்டையிலுள்ள மருதங்குளமும், வடக்கே கடலோரத்து உடப்பும் திருவிழாவிற் பங்கு கொள்ளும் ஊர்கள். இராவணனைக் கொன்ற பழி நீங்க இராமன் இங்கே சிவனை வழிபட்டான் என்பது தலபுராணம். அப்புராணத்தை நாம் வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால், பாவம் செய்தவன் அரசனேயாயினும் தன்னினும் பெரிய ஒருவன்முன் தலை வணங்கவேண்டும் என்ற எண்ணம் அதிலுள்ளதைக் கவனித்துக் கொள்வோம். அவ்வெண்ணம் பின்னர் நமக்குத் தேவைப்படும்.

சிவனை முழுமுதலாகக் கொள்ளும் சைவசித்தாந்தம் பதி, பசு, பாசம் என மூன்று பொருள்களைக் கூறுகிறது. கி. பி. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இதனைச் சிவஞானபோதத்தில் வகுத்தமைத்தார். மூன்றுமே தொடக்கமற்றவை. எனவே சைவர் கூறும் இறைவன் ஒன்றுமில்லாத வெறுமையிலிருந்து உலகைப் படைப்பவன் அல்லன். குயவன் களிமண்ணைக் கொண்டு சக்கரத்தின் துணையால் குடம் வனைவது போல, மாயை என்னும் மூலப்பொருளிலிருந்து உலகை ஆக்குபவன். இனி அம்மூன்று சொற்களையும் அவற்றின் வெறும் பொருளில் நோக்குங்கள். பதி என்பது உடையவன். பசு என்பது அவனுடைய கால்நடை. பாசம் என்பது கட்டுகின்ற கயிறு. மந்தை வைத்திருந்த சமுதாயத்தின் தொழுவம், தத்துவத்தின் உச்சியிலே ஏறி அமர்ந்திருக்கிறது. மிக நுண்ணிய கருத்துக்களும் மனிதன் அன்றாடம் கையாண்ட பொருள்களிலிருந்தே தம் உருவத்தைப் பெறுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பௌத்தத்தின் வழி வேறு. பாலி மொழியிலுள்ள பிரமஜால சுத்தத்தில் ஒரு கதை உண்டு. நாட்டில் இன்று பௌத்தத்தின் பெயரால் உரத்துப் பேசுவோர் பலர் அதனைப் படித்திருப்பார்களா என்பது ஐயமே. உலகம் ஒடுங்கி மீண்டும் விரியும் காலத்தில், வெறுமையாயிருந்த பிரம விமானத்தில் முதன்முதலாக ஓர் உயிர் தோன்றுகிறது. நெடுங்காலம் தனித்திருந்து சலிப்புற்று, வேறு உயிர்களும் இங்கு வரலாகாதா என ஏங்குகிறது. தற்செயலாகத் தத்தம் வினையின்படி வேறு உயிர்களும் அங்கு வந்து பிறக்கின்றன. முதலில் வந்தது, தான் விரும்பியதால் இவை தோன்றின, ஆகவே தானே இவற்றைப் படைத்தவன் என எண்ணிக் கொள்கிறது. பின்னர் வந்தவை, நமக்கு முன்னரே இருந்தவன் ஆதலால் இவனே நம்மைப் படைத்தவன் என நம்புகின்றன. படைப்புக் கடவுளின் தோற்றம் அவ்வளவே! முந்தி வந்து இடம் பிடித்தவன் உடைமையாளன் ஆகிறான். பிந்தி வந்தவர் அடியார் ஆகின்றனர். நிலவுடைமையின் வரலாற்றை அறிந்தவர்க்கு இக்கதை புதிதாயிராது.

கத்தோலிக்கரின் கடவுள் ஒன்றுமில்லாமையிலிருந்து சொல்லால் உலகைப் படைத்தவர். மூன்று ஆட்களாய் ஒருவராயிருப்பவர். இஸ்லாம் அம்மூன்றையும் மறுத்து, இணையற்ற ஒருவன், அவன் பெறவுமில்லை, பெறப்படவுமில்லை என்கிறது. இந்நான்கு கொள்கைகளையும் ஒரு மேசையில் வைத்துப் பார்த்தால், ஒன்றை ஏற்பவர் மற்றையதை ஏற்க முடியாது. இது வெளிப்படை. எல்லாம் ஒன்றே என்று மழுப்புவது நான்குக்கும் அவமரியாதை.

ஆனால் மக்கள் கொள்கைகளை மேசையில் வைத்து வாழ்வதில்லை. சொற்களில் வைத்து வாழ்கின்றனர். தமிழ் மொழியில் முழுமுதலுக்கு வழங்கும் பெயர்களை எண்ணிப் பாருங்கள். இறைவன்: இறை என்பது அரசனையும் குறிக்கும், குடிகள் அவனுக்குச் செலுத்திய வரியையும் குறிக்கும். ஆண்டவன்: ஆட்சி செய்தவன். உடையான்: சொத்துக்கு உரியவன். பெருமான், தம்பிரான், நாயன் எல்லாம் தலைவனின் பெயர்களே. கோயில் என்பதே கோவின் இல். வழிபடுபவனோ அடியான். அடிமை என்ற சொல் அங்கிருந்து எட்டத்தில் இல்லை. சைவனும் ஆண்டவன் என்கிறான். கத்தோலிக்கனும் ஆண்டவர் என்கிறான். தமிழ் முஸ்லிமும் ஆண்டவன் என்றும் நாயன் என்றும் தயங்காது கூறுகிறான். கொள்கையால் பிரிந்த மூவரும் சொல்லால் ஒரே அரண்மனை வாசலில் நிற்கின்றனர்.

கிரேக்க நாட்டில் கி. மு. 6ஆம் நூற்றாண்டிலேயே செனோபனீஸ் என்ற சிந்தனையாளர் இதனைக் கண்டுகொண்டார். எதியோப்பியரின் தெய்வங்கள் கறுத்தும், திரேசியரின் தெய்வங்கள் நீலக் கண்ணோடும் இருப்பதை எடுத்துக்காட்டி, மாடுகளுக்குக் கையிருந்தால் அவை மாட்டுருவிலேயே தெய்வத்தை வரையும் என்று எள்ளினார். நாம் அவரினும் ஒரு படி மேலே செல்லலாம். மனிதன் தன் முகத்தை மட்டும் தெய்வத்துக்குக் கொடுக்கவில்லை. தன் அரசியல் அமைப்பையும் கொடுத்தான்.

கண்டி இராச்சியத்தின் தெய்வ வரிசையே அதற்குச் சான்று. எல்லோர்க்கும் மேலே புத்தர். ஆனால் அவர் நிர்வாணம் எய்தியவர்; நேரே வந்து ஒருவர்க்கும் ஒன்றும் செய்பவர் அல்லர். அவருக்குக் கீழே சக்கரன். அவனுக்குக் கீழே நாத, விஷ்ணு, கதிர்காமத் தெய்வம், பத்தினி ஆகியோர். இவர்களுக்குக் கீழே ஊர் ஊராகச் சிறுதெய்வங்கள். ஒவ்வொரு தெய்வமும் மேலிருப்பவரிடம் 'வரம்' பெற்றே தன் எல்லையில் அதிகாரம் செலுத்துகிறது. அரசன், அதிகாரிமார், திசாவைமார், ஊர்த் தலைவர் என்று அமைந்திருந்த கண்டி நிருவாகத்தின் படியே இவ்வரிசை என மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர விளக்கியுள்ளார். மறுபுறத்தில் அரசனும் தெய்வமாக விளித்துப் போற்றப்பட்டான். 17ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டியிற் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபேட் நொக்ஸ், தெய்வத்தினும் உயர்ந்தவன் எனப் பொருள்படும் பட்டத்தால் மக்கள் தம் அரசனை அழைத்தனர் என எழுதியிருக்கிறார். விண்ணும் மண்ணும் ஒன்றையொன்று பிரதி செய்தன.

இவ்வமைப்பில் முன்னேஸ்வரத்துச் சிவனுக்கு இடம் கிடைத்ததில் வியப்பில்லை. பௌத்தன் அவரை ஈஸ்வர தெய்வம் என ஏற்றுக்கொண்டான். ஆனால் முழுமுதலாக அன்று. வரம் பெற்ற பெருந்தெய்வமாக. சைவ குருக்கள் முழுமுதல் என்று ஓதுகிறார். வாயிலில் நிற்கும் பௌத்தன் வலிமை மிக்க அதிகாரி என்று வணங்குகிறான். இருவரும் ஒருவரையொருவர் திருத்த முற்படவில்லை. அந்தத் திருத்தாமையே இக்கோயிலை வாழவைத்தது எனலாம்.

அரசரும் அவ்வாறே நடந்து கொண்டனர். காலியில் 1911ஆம் ஆண்டு, வடிகாலை மூடியிருந்த ஒரு கற்பலகை கண்டெடுக்கப்பட்டது. சீனப் பேரரசரின் கப்பற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டுத் தேதியுள்ள சாசனம் அது. இன்று கொழும்பு நூதனசாலையில் உள்ளது. அதில் மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை கூறப்படுகிறது. பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, எண்ணெய் என மூவர்க்கும் ஏறத்தாழ ஒரே அளவு. பேரரசருக்கு இம்மூவரில் முழுமுதல் யார் என்ற கவலை இருந்ததாகத் தெரியவில்லை. இந்துமாக்கடலின் வணிகத்தில் பௌத்தர், தமிழர், முஸ்லிம்கள் ஆகிய மூவரின் நல்லெண்ணமும் வேண்டியிருந்தது. ஆகவே மூன்று தெய்வங்களும் ஒரே நிறையில் நிறுக்கப்பட்டன. ஆயினும் இதனை மிகையாகப் புகழ்ந்துவிடக் கூடாது. அதே செங் ஹோ 1411இல் இந்நாட்டு ஆட்சியாளன் ஒருவனைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டு சென்றவர். காணிக்கைத் தட்டும் பீரங்கியும் ஒரே கப்பலில் வந்தன.

அக்குழப்பத்தின் பின் கோட்டையில் அரசேறியவன் ஆறாம் பராக்கிரமபாகு. 1467 வரை ஆண்ட இவன் பௌத்தத்துக்குப் பெரும் புரவலன். இவனுடைய வளர்ப்பு மகன் செண்பகப்பெருமாள் 1450ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாண இராச்சியத்தை வென்றான். இன்றைய மேடைப் பேச்சாளர் கையில் அகப்பட்டால், இவ்வரசன் தமிழரை அடக்கிய சிங்கள பௌத்த வீரனாக மட்டுமே காட்சி தருவான். ஆனால் முன்னேஸ்வரக் கோயிலின் அடித்தளத்தில் கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிச் சாசனம் உண்டு. கோயிலுக்கும் அதன் பூசகருக்கும் நிலங்களை உறுதிப்படுத்தி அதனை வழங்கியவன் இதே ஆறாம் பராக்கிரமபாகு! படையெடுத்தது நாட்டுக்காகவும் திறைக்காகவும். கொடுத்தது குடிகளின் மனத்துக்காகவும் நிலத்தின் விளைவுக்காகவும். இரண்டையும் இனச்சண்டையாக எழுதியவர் பிற்காலத்தவர்.

இனி 1578ஆம் ஆண்டு. இவ்வொரே ஆண்டில் நிகழ்ந்த இரண்டு செய்திகளை அருகருகே வைத்துப் பார்க்குமாறு வாசகரை வேண்டுகிறேன்.

அவ்வாண்டில் போர்த்துக்கேயர் முன்னேஸ்வரக் கோயிலை இடித்தனர். அதே ஆண்டு ஒக்டோபரில், கடலுக்கு அப்பால் கொல்லத்தில், இயேசு சபைப் பாதிரியார் அன்றீக்கே அன்றீக்கசு எழுதிய 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்துக்களைக் கொண்டு அச்சிடப்பட்ட முதல் நூல் அது. முத்துக்குளித்துறைப் பரதவர்க்குக் கிறித்தவ உண்மைகளை விளக்க எழுந்த அந்நூல், தன் கடவுளை எப்பெயரால் அழைக்கிறது? தம்பிரான்! சைவன் சிவனை அழைத்த அதே பெயர். பின்வந்த பாதிரிமார் சருவேசுரன் என்றனர். நெடுங்காலம் தமிழ்க் கத்தோலிக்கரின் செபங்களில் அப்பெயரே நிலைத்தது. சருவ ஈசுரன். முன்னேஸ்வரத்திலுள்ள அதே ஈசுரன். ஒரு கரையில் ஈசுவரனின் வீட்டைக் கடப்பாறை இடித்துக் கொண்டிருந்த காலத்தில், மறுகரையில் அவன் பெயர்களை அச்சுக்கோப்போர் பொறுக்கியெடுத்துப் புதிய கடவுளுக்குச் சூட்டும் வேலை தொடங்கிவிட்டது. சொல் வேண்டியிருந்தது, கோயில் வேண்டியிருக்கவில்லை.

கோயில் ஏன் இடிக்கப்பட்டது? சிலை வணக்கத்தின்மீது கொண்ட வெறுப்பு என்பது பாதிரிமார் கூறும் விடை. அது பொய்யன்று, ஆனால் பாதி. கோட்டை அரசன் தர்மபாலன் 1557இல் ஞானஸ்நானம் பெற்றதும், நாட்டின் கோயில் நிலங்களைப் பறித்துப் பிரான்சிஸ்கு சபையினர்க்கு வழங்கினான். 1580இல் நாட்டையே போர்த்துக்கல் மன்னனுக்கு எழுதி வைத்தான். முன்னேஸ்வரத்தின் சொத்துக்கள் பின்னர் இயேசு சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டன. கோயிலின் அடித்தளத்தின்மீது ஒரு சிற்றாலயமும் எழுந்தது. வயலும் தென்னந்தோப்பும் கைமாறும்போது அவற்றின் விண்ணுலக உடைமையாளனும் மாறவேண்டியிருந்தது. இந்நாட்டில் முழுமுதல் பற்றிய மிகக் கடுமையான வாதம் உறுதிப் பத்திரத்தின் வடிவிலேயே நடந்திருக்கிறது என்று சொன்னால் தவறாகாது.

ஆனால் ஊரவர் கோயிலை மீண்டும் கட்டினர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுபடியும் இடித்தனர், மறுபடியும் கட்டினர். பட்டயம் கொடுக்கும் அரசனின் நிழல் இல்லாத காலத்திலும் கட்டினர். இங்குதான் நம் ஆய்வில் ஒரு முட்டு வருகிறது. முழுமுதற் கடவுள் அரசனின் நிழல் மட்டுமே என்றால், அரசன் மறைந்தபின் அந்நிழலும் மறைந்திருக்க வேண்டுமே! நம் நண்பர்களிற் சிலர் சமயத்தை ஆளும் வர்க்கத்தின் சூழ்ச்சி என ஒரே வரியில் தீர்த்துவிடுவர். கார்ல் மார்க்ஸ் 1844இல் எழுதியதிலே அபினி என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு முந்திய வாக்கியங்களை விட்டுவிடுவதால் நேரும் தவறு இது. துன்பத்துக்கு எதிரான கண்டனமும் சமயத்தினுள் உண்டென்பதை அவர் அங்கே மறைக்கவில்லை. கி. மு. 6ஆம் நூற்றாண்டில் யூதர் நாடிழந்து, அரசிழந்து, கோயிலிழந்து பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துக் கொண்டு செல்லப்பட்டபோதுதான், உலகம் முழுவதற்கும் ஒரே கடவுள் என்ற எண்ணம் அவர்களிடையே முழு உருப்பெற்றது. பாபிலோன் மன்னனுக்கு மேலே ஒரு மன்னன் வேண்டியிருந்தது, அவனைத் தீர்ப்புக் கூண்டில் நிறுத்துவதற்கு. பிரமகத்தி தொடர்ந்த இராமனும் அவ்வாறே ஒரு கூண்டில் நிற்கிறான். மேலிருப்பவன் தன் ஆட்சியை நிலைநாட்ட முழுமுதலைப் படைத்தான். கீழிருப்பவனோ மேலிருப்பவனைக் கேள்வி கேட்க அதே முழுமுதலைக் கடன் வாங்கினான். இரண்டும் வரலாறே.

1753ஆம் ஆண்டுக்கும் இரண்டு முகங்கள். கண்டியில் அரசிருந்தவன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். மதுரை நாயக்கர் உறவினன். சைவச் சூழலில் வளர்ந்தவன். அறுந்துபோன பிக்கு பரம்பரையைப் புதுப்பிக்கச் சீயம் நாட்டினின்று உபாலி தேரரை வரவழைத்து, உபசம்பதாவை அவ்வாண்டில் மீண்டும் நிறுவியவன் இவனே. இன்றைய சீயம் நிக்காயத்தின் தொடக்கம் அது. முன்னேஸ்வரக் கோயில் இவனுடைய ஆதரவில் புதுப்பிக்கப்பட்டதும் அதே 1753இல்தான். ஏழாண்டுகள் கழித்து, 1760இல், பிரபுக்கள் சிலரும் பிக்குகள் சிலரும் சேர்ந்து இவனைக் கொல்லச் சதி செய்தனர். அரசன் திருநீறு பூசுகிறான் என்பது அவர்கள் கூறிய குறைகளில் ஒன்று. இலங்கைப் பௌத்தத்துக்கு மறுவாழ்வு கொடுத்தவனின் நெற்றியிலே ஒரு விரற்கடைச் சாம்பல் பொறுக்கப்படவில்லை! நெற்றிக்கும் அரியணைக்கும் இடையேயுள்ள போட்டி எதுவென்பதை மாணவரே ஊகித்துக்கொள்வர்.

1815இல் கண்டி வீழ்ந்தது. தெய்வ வரிசைக்கு முன்மாதிரியாயிருந்த அரச வரிசை அகன்றது. பின்னர் வந்த தோட்டப் பொருளாதாரம், பட்டினம், தேர்தல், வேலையின்மை ஆகியவற்றின் நடுவே, எட்டத்திலிருந்து தருமம் காக்கும் தெய்வங்களுக்கு மதிப்புக் குறைந்து, உடனே செயற்படும் தெய்வங்களுக்கு மதிப்பு உயர்ந்தது. கதிர்காமத்தின் எழுச்சியைப் பற்றி ஒபயசேகர 1977இல் எழுதியதும், 1988இல் ரிச்சட் கொம்பிறிச்சோடு இணைந்து எழுதிய நூலில் காளி வணக்கம் கொழும்பின் சிங்கள ஏழை மக்களிடையே பரவியதைக் கூறியதும் இதன் தொடர்பிலேயே. முன்னேஸ்வரத்துக் காளியின் வாசலில் இன்று நிற்பவர் யார்? கடனில் அகப்பட்ட சிறுவணிகர், கணவன் கைவிட்ட பெண், காணியை ஏமாந்து இழந்தவர், வழக்குமன்றப் படிகளில் ஏறி இறங்கிக் களைத்தவர். தேங்காயை உடைத்துத் தமக்குத் தீங்கிழைத்தவரைச் சபிக்கின்றனர். கல்விமான்கள் இதனைச் சூனியம் என்று முகஞ்சுளிக்கலாம். நீதிமன்றத்தில் நீதி மலிவாகக் கிடைக்கும் நாளில் இவ்வரிசை தானே குறுகும். அதுவரை முகஞ்சுளிப்பதால் பயனில்லை.

இக்காளி கோயிலில் ஆண்டுத் திருவிழாவின்போது ஆடும் கோழியும் பலியிடும் வழக்கம் இருந்தது. 2011 செப்டம்பரில் அமைச்சர் மேர்வின் சில்வா ஆட்களுடன் வந்து, பலிக்கெனக் கொண்டுவரப்பட்ட விலங்குகளை வலிந்து ஏற்றிச் சென்றார். விவகாரம் நீதிமன்றம் சென்றது, பலி நிறுத்தப்பட்டது. உயிர்ப்பலி நிற்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. சைவர்க்குள்ளேயே ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டில் அதனைக் கண்டித்தவர். ஆனால், சீர்திருத்தம் உள்ளிருந்து பேச்சால் வருவது வேறு. பெரும்பான்மைச் சமயத்தின் பெயரால் அதிகாரத்தின் லொறி வந்து நிற்பது வேறு. பலி கொடுத்தவரில் பலர் சிங்கள பௌத்தர் என்பதை அன்று எழுந்த கூச்சலில் எவரும் கேட்க விரும்பவில்லை.

தமிழராகிய நாம் பிறர் முதுகைச் சுட்டும்போது நம் முதுகையும் பார்க்கவேண்டும். எல்லா உயிரும் பதிக்குரிய பசுக்களே என்று ஓதிய சைவம், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் தாழ்த்தப்பட்ட மக்களை உள்ளே விட மறுத்தது. அம்மறுப்பை 1957இலேயே சட்டம் குற்றமாக்கியிருந்தது. 1990 ஒக்டோபரில், வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் ஆயுதமுனையில் வெளியேற்றினர். 70,000க்கும் மேற்பட்டோர். அவர்களில் பெருந்தொகையினர் வந்து குடிசை போட்டது, முன்னேஸ்வரம் அடங்கிய இதே புத்தளம் மாவட்டத்தில்தான். அவர்கள் பேசிய மொழி தமிழ். ஆண்டவனே என்று அழுததும் தமிழில். முன்பு சொல்லால் ஒன்றுபட்டு நின்றவர்கள் என்று கூறினேன். துப்பாக்கியின் முன் சொல்லின் ஒற்றுமை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை அவ்வொக்டோபர் காட்டிற்று.

சொல்லும் இக்கரையில் தேய்ந்து வருகிறது. நீர்கொழும்பிலிருந்து புத்தளம்வரை கரையோரத்து மீனவக் கத்தோலிக்கர் பலர் இரு தலைமுறைக்கு முன் வீட்டில் தமிழ் பேசியவர். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திருச்சபைப் பாடசாலைகளில் போதனாமொழி தமிழிலிருந்து சிங்களமாக மாற்றப்பட்டது. இன்று பாட்டியின் சருவேசுரன் பேரனுக்கு விளங்காத சொல். மதமாற்றத்தைப் பற்றி ஓயாது பேசுவோர், பள்ளிக்கூட வாசலில் ஓசையின்றி நடந்த இம்மொழி மாற்றத்தைப் பற்றிப் பேசக் காணோம். ஆசிரியர்களாகிய வாசகர் இதனைக் கருத்திற் கொள்வாராக: கரும்பலகையில் எம்மொழி எழுதப்படுகிறதோ, அம்மொழியிலேயே நாளைய கடவுளுக்குப் பெயரும் அமைகிறது.

2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, நீர்கொழும்பின் கட்டுவாப்பிட்டியிலும் கொழும்பிலும் மட்டக்களப்பிலும் வழிபாட்டில் இருந்தவர்கள் மீது குண்டுகள் வெடிக்கப்பட்டன, விடுதிகளிலும் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கொன்றவர் இணையற்ற ஒருவனின் பெயரைச் சொல்லிக் கொன்றனர். மூன்று வாரம் கழித்து, மே 12ஆம் நாள், சிலாபத்தில் ஒரு முஸ்லிம் வணிகர் முகநூலில் எழுதிய ஆங்கில வரி ஒன்றை அச்சுறுத்தலாகக் கொண்ட கூட்டம் ஒன்று, கடைகளையும் பள்ளிவாசலையும் கல்லால் தாக்கியது. ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. மறுநாள் கலவரம் வடமேல் மாகாணத்துக்கும் கம்பஹாவுக்கும் பரவியது. நாத்தாண்டியாப் பகுதியில் முஸ்லிம் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். முன்னேஸ்வரத்துக் கோபுரம் சிலாபத்திலிருந்து இரண்டே கல் தொலைவு. ஒரே வரிசையில் நின்று பழகிய மக்களிடையே இது நிகழ்ந்தது. வரிசையில் நிற்பது மட்டும் போதாது போலும்; பக்கத்தில் நிற்பவன் எதற்காக நிற்கிறான் என்று கேட்டறியும் பழக்கமும் வேண்டியிருக்கிறது. அவனுடைய கடன் என்ன, அவனுடைய வழக்கு என்ன, அவனுடைய படகுக்கு எண்ணெய் கிடைத்ததா என்று.

ஐயனாரைப் பற்றி இதுவரை கூறாமல் விட்டேன். வளாகத்தின் ஐந்து கோயில்களில் தத்துவத்துக்கு மிகக் குறைவாகப் பயன்பட்டவர் அவரே. எந்தச் சித்தாந்த நூலும் இவரை முழுமுதலாக நிறுவ முயன்றதில்லை. சிங்கள உழவர் இவரை ஐயநாயக்க என்பர். புத்தளம், குருநாகல், அநுராதபுரம் மாவட்டங்களின் குளக்கட்டுகளில் மரத்தடியில் ஒரு கல்லாகவோ மண் உருவாகவோ இருப்பார். குளத்தைக் காப்பது இவர் தொழில். வேறொன்றும் இவரிடம் எவரும் எதிர்பார்ப்பதில்லை. வடமத்திய மாகாணத்துச் சிங்களக் கிராமங்களில் முட்டி மங்கல்லய என்றொரு சடங்கு உண்டு. ஊரார் குளக்கட்டில் கூடி, பானையில் பொருள் நிரப்பி, ஐயநாயக்கவின் பெயரால் நேர்ந்து வைப்பர். தமிழ் ஊர்களில் அதே கட்டில் பொங்கல் பொங்கும். இரு சாராரும் வேண்டுவது ஒன்றே: கட்டு உடையக்கூடாது, மடை அடைக்கக்கூடாது, தண்ணீர் கடைசி வயல்வரை வரவேண்டும். வானம் கறுத்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முதலில் ஓடுபவன் எந்த மொழிக்காரன் என்று அப்போது எவரும் கேட்பதில்லை.